மதுரைக் கிளையில் லா கிளார்க்காகச் சேரும் முன்: முழுமையான வழிகாட்டி

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதியிடம் லா கிளார்க்காகச் சேரச் சொல்லி உத்தரவு வந்ததும், பெரும்பாலோர் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நீதிபதிக்குச் சட்டம் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும். அவருக்கு இல்லாதது நேரம். புது மனுக்களை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் அட்மிஷன் நாட்களில் பட்டியல் நூறு வழக்கைத் தாண்டுவது சாதாரணம். அத்தனை வழக்கின் ஆவணக் கட்டையும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை அவர் ஒருவரே புரட்ட முடியாது. அந்த இடத்துக்குத்தான் உங்களை எடுக்கிறார்கள். யார், யாருக்கு எதிராக, எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில், இப்போது என்ன கேட்கிறார்கள் என்பதைத் தப்பில்லாமல் எடுத்துக் கொடுப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. சட்ட ஆராய்ச்சி மீதிப் பங்கு. அதனால் தயாரிப்பையும் கட்டிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரில் சொன்னால் வக்கீல் குமாஸ்தா வேலை என்று நினைப்பார்கள். இது அதுவல்ல. சட்டப் படிப்பு முடித்தவர்கள் நீதிபதியின் சேம்பரில் ஒப்பந்த அடிப்படையில் பார்க்கும் தற்காலிக வேலை இது. சென்னை உயர் நீதிமன்ற அறிவிப்புகளில் இதற்கு ரிசர்ச் லா அசிஸ்டென்ட் என்று பெயர், பேச்சில் லா கிளார்க். உச்ச நீதிமன்றத்தில் இதே வேலைக்கு லா கிளார்க்-கம்-ரிசர்ச் அசோசியேட் என்று பெயர் வைத்து, கொள்குறி வினாத்தாள், எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டமாக ஆள் எடுக்கிறார்கள். தகுதி, வயது, ஊதியம் எல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். போன வருட அறிவிப்பை நம்பாமல் உயர் நீதிமன்ற இணையதளத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

சிவில் நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே தீர்ப்பில், லா கிளார்க்காக வேலை பார்த்த காலத்தையும் அந்த அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஆகவே 'இந்த ஒரு வருஷம் வீணாகப் போகுமோ' என்று வீட்டில் கவலைப்பட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

சேருவதற்கு முன்: இடத்தையும் நீதிபதியையும் தெரிந்துகொள்ளுங்கள்

கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது. அதன் எல்லைக்குள் இப்போது 14 மாவட்டங்கள் வருகின்றன: கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர். தஞ்சாவூர் இங்கே, பக்கத்திலிருக்கும் திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையில். அரசு அலுவலகத்தின் உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில், பாதிக்கப்பட்ட இடமும் உத்தரவு பிறப்பித்த அலுவலகமும் வெவ்வேறு மாவட்டமாக இருந்தால், எங்கே தாக்கல் செய்வது என்ற கேள்வி வரும். இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கட்டும்.

இங்குள்ள வழக்கு எண்கள் எல்லாவற்றிலும் மதுரையைக் குறிக்கும் எம்.டி. என்ற எழுத்துகள் ஒட்டியிருக்கும். டபிள்யூ.பி.(எம்.டி.) என்றால் கிளையில் தாக்கலான ரிட் மனு. எம்.டி. விட்டுப்போனால் அதே எண்ணில் சென்னையில் இருக்கும் வேறு வழக்கு வந்து நிற்கும். கிரிமினல் ஓ.பி. (கிரிமினல் அசல் மனு), எஸ்.ஏ. (இரண்டாம் மேல்முறையீடு), சி.எம்.ஏ. (சிவில் இதர மேல்முறையீடு), சி.ஆர்.பி. (சிவில் சீராய்வு மனு), ஹெச்.சி.பி. (ஆட்கொணர்வு மனு), ரிட் அப்பீல் ஆகிய வகைகள் ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிறக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பது என்பதைத் தலைமை நீதிபதிதான் முடிவு செய்வார். அதற்கு ரோஸ்டர் என்று பெயர். சில மாதங்களுக்கு ஒருமுறை அது மாறும், நீதிபதிகளும் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே சுழற்சியில் வந்துபோவார்கள். இன்றைக்கு ஜாமீன் மனுக்கள் கேட்கும் நீதிபதி அடுத்த ரோஸ்டரில் இரண்டாம் மேல்முறையீடுகளுக்குப் போகலாம். எனவே ஒரே துறையில் மட்டும் ஆழமாகப் படித்துவிட்டு வருவது அவ்வளவாகக் கைகொடுக்காது.

அடுத்து, உங்கள் நீதிபதியின் தீர்ப்புகளில் ஒரு பத்து, பதினைந்தை எடுத்துப் படியுங்கள். முடிவு என்ன என்பதற்காகப் படிக்க வேண்டாம், கட்டமைப்பைப் பாருங்கள். சம்பவங்களை எத்தனை பத்தியில் சொல்கிறார்? இரு தரப்பு வாதத்தையும் தனித்தனியாக எழுதுகிறாரா, கேள்விவாரியாகப் பிரிக்கிறாரா? முன்தீர்ப்புகளை நீளமாக மேற்கோள் காட்டுகிறாரா, பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுகிறாரா? இதைப் பார்த்துவிட்டால் முதல் மாதத்தில் உங்கள் வரைவுகளில் விழும் சிவப்பு மை பாதியாகக் குறையும்.

சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு நீதிபதியின் தனி உதவியாளரான பி.ஏ.வுக்குப் போன் செய்யுங்கள். என்ன உடை, எத்தனை மணி, லேப்டாப் கொண்டுவரலாமா, அடையாள அட்டைக்கு என்ன சான்று வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தால், பணிக்காலத்தில் அந்தப் பதிவை என்ன செய்ய வேண்டும் என்பதையும் உயர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பணியில் இருக்கும்போது வழக்கு நடத்தக் கூடாது என்பது பொதுவான நிபந்தனை. ஆனால் சான்று எந்த வடிவில் தர வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், காதில் விழுவதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

தமிழ் ஆவணங்களைப் படிக்கப் பழகுங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன். உயர் நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் கீழ் நீதிமன்றத்திலிருந்து வரும் கட்டில் சாட்சியமும் பத்திரமும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். பெரிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்கள்கூட 1950-களின் கையெழுத்துப் பத்திரம் ஒன்றின் முன்னால் விழிபிதுங்கிப் போவதுண்டு. ஊர்ப்பக்கத்திலிருந்து அரசு சட்டக் கல்லூரியில் படித்து வந்தவருக்கு இங்கே இயல்பாகவே ஒரு கை மேலே இருக்கும்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகியவை எல்லோருக்கும் தெரியும். ஒத்தி என்று வந்தால் குத்தகை என்று எழுதிவிடாதீர்கள். அது சுவாதீனத்தோடு கூடிய அடமானம் (நிலத்தை அனுபவிக்கக் கையில் கொடுத்துவிடுவது), சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் தனி வகையாகவே இருக்கிறது. இந்த ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் வழக்குப் போடுவதற்கான கெடு, அதாவது காலவரையறைக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். பத்திரத்தின் முடிவில் வரும் நான்குமால் (நான்கு எல்லை) விவரத்தில், 'இன்னார் புஞ்சைக்கு வடக்கு' என்று இருந்தால் நம் நிலம் அந்தப் புஞ்சைக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். அதாவது அந்தப் புஞ்சை நமக்குத் தெற்கு எல்லை. அவசரத்தில் படித்தால் வரைபடமே திரும்பிவிடும். பென்சிலில் ஒரு சதுரம் போட்டு நான்கு பக்கமும் எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அளவுகளும் இப்படித்தான். பத்திரத்தில் ஏக்கரும் சென்டும் இருக்கும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட், ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர்தான். இரண்டு ஆவணத்திலும் அளவு வேறுபடுகிறது என்று குறிப்பு எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பாதி வேறுபாடு காணாமல் போகும். பழைய அடங்கலிலும் (கிராமப் பயிர்க் கணக்கு) கிஸ்தி (நிலவரி) ரசீதிலும் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு வரும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும், பசலி ஜூலை 1 அன்று தொடங்கும். பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை.

தென் மாவட்ட நில வழக்குகளில் யுடிஆர் என்ற எழுத்துகள் அடிக்கடி வரும். 1980-களில் நடந்த நில ஆவண மேம்பாட்டுத் திட்டம் அது. அப்போது பட்டா யார் பெயருக்குப் போனது என்பதில் கிளம்பிய தகராறுகள் இன்னும் ஓயவில்லை. பட்டா மட்டும் உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு கட்டிலும் பட்டாதான் முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வழக்கென்றால் ஜமீன் ஒழிப்புக்கான 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தையும், சிறு இனாம்களுக்கான 1963-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டத்தையும் ஒருமுறையாவது புரட்டியிருக்க வேண்டும். கோயில் நிலமென்றால் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம்.

சாட்சியம் வேறு மாதிரிச் சிக்கல். தமிழ்ச் சாட்சியத்தில் வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) என்றிருப்பது உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பி.டபிள்யூ.1 ஆகும். வா.சா.ஆ.1 என்பது வாதி தரப்பின் முதல் ஆவணம், எக்ஸிபிட் ஏ1. கிரிமினல் வழக்கில் அ.சா. என்பது அரசுத் தரப்புச் சாட்சி, சா.பொ. என்பது சான்றுப் பொருள். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். பழக நாளாவது குறுக்கு விசாரணையின் நடை. 'நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றால் சரியல்ல' என்று ஒரு வாக்கியம் இருக்கும். வக்கீல் 'நீ பார்க்கவில்லை' என்று கேட்டார், சாட்சி மறுத்தார் என்பதுதான் அதன் பொருள். முன்பாதியை மட்டும் படித்துவிட்டு, பார்க்கவில்லை என்று சாட்சி ஒப்புக்கொண்டதாக எழுதினால் குறிப்பு விஷமாகிவிடும். வாக்கியம் 'என்றால் சரிதான்' என்று முடிந்தால் ஒப்புதல், 'சரியல்ல' என்று முடிந்தால் மறுப்பு. கடைசிச் சொல்லைப் பார்க்காமல் எந்த வரியையும் எடுத்தாளாதீர்கள். முடிந்தவரை மூலத் தமிழ் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே உங்கள் ஆங்கிலத்தை எழுதுங்கள். நீதிபதியே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

சேருவதற்கு முன் இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால், தெரிந்த சிவில் வக்கீல் ஒருவரிடம் முடிந்துபோன பழைய வழக்குக் கட்டு இரண்டைக் கேட்டு வாங்கி, அவர் ஆபீஸிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள். பாடப் புத்தகத்தில் இது கிடைக்காது.

சட்டப் பக்கம்: எதை முதலில் படிப்பது

கிரிமினல் பக்கத்தில் இப்போது இரண்டு தொகுதிச் சட்டங்களும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய மூன்று சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளன. குற்றம் நடந்த தேதி அதற்கு முந்தையது என்றால் தண்டனைப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருக்கும். அதே குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். ஜூலை 1-க்குப் பின் பதிவானால் நடைமுறைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். வரும். அந்தத் தேதியில் ஏற்கெனவே நிலுவையில் இருந்த நடவடிக்கைகளை அதன் 531-ஆம் பிரிவு பழைய சட்டத்திலேயே விட்டுவைக்கிறது.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு இப்போது 528-க்குப் போய்விட்டது, பழைய 438-தான் புதிய 482. வழக்கமான ஜாமீனுக்குப் பழைய 439, புதிய 483. எஃப்.ஐ.ஆர். 154-லிருந்து 173-க்கு, இறுதி அறிக்கை 173-லிருந்து 193-க்கு. அதாவது 173 என்ற எண்ணும் ஆளை மாற்றிக்கொண்டது. பிரிவு எண்ணைத் தனியாக எழுதாமல் எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்தே எழுதும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

ரிட் மனுவைக் கையில் எடுத்தால் நான்கு விஷயங்களை உடனே பாருங்கள். எதிர்க்கப்படும் உத்தரவின் தேதி என்ன, அதற்குச் சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கிறதா, ஏன் தாமதம், கடைசியில் கேட்கும் பரிகாரம் என்ன. பல மனுக்களில் பக்கம் பக்கமாக வரலாறு இருக்கும், கடைசியில் கேட்பது 'என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்' என்பதாக மட்டும் இருக்கும். பரிகாரப் பத்தியை முதலில் படித்துவிட்டுப் பின்னோக்கி வந்தால் நேரம் மிச்சம்.

இந்தக் கிளைக்கென்றே ஒரு பருவகாலம் உண்டு. தை நெருங்கினால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஏற்பாடுகள் தொடர்பான மனுக்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று உறுதி செய்துவிட்டதால், இப்போதைய தகராறு பெரும்பாலும் யார் நடத்துவது, யாருக்கு முதல் மரியாதை என்பதில்தான் இருக்கும். பங்குனி, சித்திரை வந்தால் கோயில் திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி கேட்டு வரிசையாக மனுக்கள். கோடையில் கண்மாய் ஆக்கிரமிப்பும் சவுடு மண் அள்ளுவதும் தொடர்பான மனுக்கள். சிரிக்கலாம், ஆனால் இந்த மாதிரி மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் முந்தைய உத்தரவுகள் என்ன சொன்னன என்று ஒரு பைல் சேர்த்து வைத்தால் நீதிபதி உங்களைத் தேடுவார்.

ஆட்கொணர்வு மனுக்களில் பெரும்பகுதி குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின் கீழ் வருபவை. இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சில் கேட்பார்கள். இங்கே எல்லாம் தேதிக் கணக்குதான்: தடுப்புக் காவல் உத்தரவு எந்தத் தேதியில், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் வந்ததா, மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுவுக்கு அனுப்பினார்களா, குழு ஏழு வாரத்துக்குள் அறிக்கை தந்ததா. உறவினர் கொடுத்த மனு எந்தெந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது, இடையில் எத்தனை அரசு விடுமுறை என்பதும் கணக்கில் வரும். கைதிக்குக் கொடுத்த ஆவணத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, படிக்க முடியாத நகல் இருக்கிறதா, மொழிபெயர்ப்பு தரப்பட்டதா என்றும் பாருங்கள். ஒருவரின் விடுதலை மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ் தாளில் இருக்கலாம்.

விபத்து இழப்பீட்டு மேல்முறையீடுகளுக்கு இழப்பீட்டைக் கணக்கிடும் முறையைச் சொல்லும் சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு எக்செல் தாள் தயாரித்துவிடுங்கள். வயதையும் வருமானத்தையும் போட்டால் தொகை வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் இதில் பெரிய வித்தை இல்லை.

குறிப்பு எழுதும் முறை

ஒரு கற்பனை வழக்கை வைத்துச் சொல்கிறேன். மானாமதுரைப் பக்கம் ஒரு புஞ்சை. வாதி 1968 கிரயப் பத்திரத்தைக் காட்டுகிறார். பிரதிவாதி யுடிஆர் பட்டாவைக் காட்டுகிறார். நிலம் தன்னுடையது என்ற விளம்புகையும் சுவாதீனமும் கேட்டு 2011-ல் வழக்கு. முன்சீப் கோர்ட் தள்ளுபடி செய்தது, சார்பு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது, பிரதிவாதி இரண்டாம் மேல்முறையீட்டில் வந்திருக்கிறார்.

உங்கள் குறிப்பின் முதல் பத்தி இரண்டே வரி: யார் மேல்முறையீட்டாளர், கீழே யார் ஜெயித்தார், யார் தோற்றார். அடுத்து தேதிப் பட்டியல். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆவண எண்ணும் பக்க எண்ணும் கட்டாயம். பக்க எண் இல்லாத தகவலை எழுதாதீர்கள். மூன்றாவதாக, இரு நீதிமன்றமும் எங்கே பிரிகின்றன என்பது. முன்சீப் எந்த ஆவணத்தை நம்பி அப்படி முடிவெடுத்தார், சார்பு நீதிபதி எதை நம்பி மாற்றினார்? மாற்றும்போது எதிர்த் தரப்பு ஆவணத்தைப் பரிசீலித்தாரா, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 41-ஆவது கட்டளை 31-ஆவது விதி கேட்பதுபோல் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை வகுத்தாரா? இங்கேதான் உங்கள் உழைப்பு தெரியும். நான்காவதாக, 100-ஆம் பிரிவின்படி முக்கியச் சட்டக் கேள்வி ஏதாவது எழுகிறதா. மேல்முறையீட்டாளர் பத்துக் கேள்வி எழுதியிருப்பார், பெரும்பாலும் எட்டு வெறும் சம்பவக் கேள்வியாக இருக்கும். மீதி இரண்டைப் பிரித்துக் காட்டுங்கள். சுவாதீனத்துக்கு 12 ஆண்டு, வெறும் விளம்புகைக்கு 3 ஆண்டு என்ற காலவரையறைக் கேள்வி இருந்தால் அதையும் தேதிகளோடு பொருத்திக் காட்டுங்கள்.

உங்கள் கருத்தை எழுதலாமா? கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் குறிப்பின் கடைசியில் தனியாக, நீக்குவதற்கு வசதியாக இருக்கட்டும். சம்பவப் பகுதிக்குள் கருத்தைக் கலப்பதை நல்ல நீதிபதி யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். உங்களுக்குப் பிடித்த தரப்பின் பலவீனமான ஆவணத்தை முதலில் எழுதுவது நல்ல தற்காப்பு.

முன்தீர்ப்பு கொடுக்கும்போது, வக்கீல் சொன்ன பத்தியை மட்டும் பார்க்காமல் முழுத் தீர்ப்பையும் மூலத்தில் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்.சி.ஆர். என்ற இணையத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. நம் பக்கத்துப் பழைய தீர்ப்புகளுக்கு எம்.எல்.ஜே., எல்.டபிள்யூ., சி.டி.சி. என்ற தீர்ப்பு இதழ்களின் தொகுதிகள் இன்னும் தேவைப்படும். எத்தனை நீதிபதிகள் கொண்ட அமர்வு என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தனி நீதிபதி டிவிஷன் பெஞ்சுக்குக் கட்டுப்பட்டவர், டிவிஷன் பெஞ்ச் அதைவிடப் பெரிய ஃபுல் பெஞ்சுக்கு. சம பலமுள்ள இரண்டு அமர்வுகள் முரண்பட்டால், அந்த முரணை மறைக்காமல் இரண்டையும் நீதிபதியின் முன் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி. இல்லாத வழக்குகளை இருப்பதுபோல் எழுதித் தருவது அவற்றின் வழக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டில் உள்ள தாளையோ வரைவுத் தீர்ப்பையோ அதில் ஏற்றுவது. அந்த நொடியே நீதிமன்ற ஆவணம் வெளியே போய்விட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு இதுபற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. உங்கள் சேம்பரில் என்ன விதி என்று முதல் நாளே கேளுங்கள், அனுமதி இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

சேம்பருக்குள் முதல் வாரம்

நீதிபதிக்கு அடுத்து நீங்கள் மதிக்க வேண்டியவர் பி.ஏ. டிக்டேஷன் எடுப்பவரும் அவர்தான், எந்த உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்கிறது, எது திருத்தத்தில் இருக்கிறது என்று அறிந்தவரும் அவர்தான். கோர்ட் ஆபீசர், நீதிபதிக்கு முன்னால் கோல் ஏந்தி நடக்கும் சோப்தார், ஆபீஸ் அசிஸ்டென்ட் எல்லோரும் உங்களைவிடப் பல வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள். 'சார்', 'அண்ணே', 'அக்கா' என்று அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி கூப்பிடுங்கள். படித்த படிப்பைக் காட்டினால் கட்டு உங்கள் மேஜைக்குக் கடைசியாகத்தான் வரும்.

நாள் எப்படி ஓடும் என்றால், முந்தைய மாலை பட்டியல் வந்ததும் இறுதி விசாரணை வழக்குகளைப் பிரித்துக்கொள்வது, காலையில் கோர்ட் 10.30-க்கு உட்காரும் முன் குறிப்புகள் நீதிபதியின் மேஜையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, பகலில் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து வாதங்களைக் குறித்துக்கொள்வது, மாலையில் ஆராய்ச்சியும் வரைவும். வாதத்தைக் குறிக்கும்போது யார் எதை ஒப்புக்கொண்டார் என்பதைத் தனியாகக் கோடிட்டு வையுங்கள். தீர்ப்பு எழுதும் நேரத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தீர்ப்புக்காக ஒத்திவைத்த வழக்குகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள், ஒத்திவைத்த தேதியோடு. அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-ல் சொன்னபடி, மூன்று மாதம் தாண்டினால் தரப்பினர் விரைந்து தீர்ப்புச் சொல்லக் கேட்டு மனு போடலாம். ஆறு மாதம் தாண்டினால் வேறு அமர்வுக்கு மாற்றச் சொல்லித் தலைமை நீதிபதியிடம் போகலாம். அந்தக் கட்டத்துக்கு எந்த வழக்கும் போகாமல் வாராவாரம் நினைவுபடுத்துவது உங்கள் வேலை.

வாயும் போனும்

வரைவில் என்ன இருக்கிறது, நீதிபதி என்ன நினைக்கிறார், எப்போது தீர்ப்பு வரும் என்பதில் எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. வீட்டிலும் கூடாது. மதுரை பெரிய ஊர் மாதிரித் தெரியும், ஆனால் வக்கீல் வட்டம் சின்னது. உங்கள் பழைய சீனியர், வகுப்புத் தோழன், மாமாவின் நண்பர் என்று யாராவது ஒருவருக்குக் கிளையில் வழக்கு இருந்தே தீரும். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, 'தம்பி, நம்ம மேட்டர் என்னாச்சு?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். 'அண்ணே, எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது' என்று அதே சிரிப்போடு சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்கள்.

சொந்தக்காரர், முன்னாள் சீனியர், முன்பு நீங்களே வேலை பார்த்த வழக்கு என்று ஏதாவது பட்டியலில் வந்தால் கட்டைத் திறப்பதற்கு முன்பே நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள். அது அவமானமில்லை, மறைத்தால்தான் பிரச்சினை. வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்புகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதையும், நீதிபதியோடு எடுத்த படத்தைப் போடுவதையும் பணிக்காலம் முடியும் வரை நிறுத்தி வையுங்கள். தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு வரைவை அனுப்பிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம்.

தங்குவது, போய்வருவது

கிளை வளாகம் மேலூர் சாலையில், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், யானைமலையைப் பார்த்தபடி இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் சீக்கிரம் வந்துவிடலாம். ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி, கே.புதூர், கே.கே.நகர் பக்கம் அறை பார்த்தால் வசதி. நகரத்துக்குள், மாசி வீதிப் பக்கம் தங்கினால் சாப்பாடு நன்றாக இருக்கும், ஆனால் காலை நேரத்தில் வைகைப் பாலம் தாண்டி வருவதற்குள் பொறுமை போய்விடும். சித்திரைத் திருவிழா நாட்களில் எந்தப் பக்கம் தங்கினாலும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். இரவு நேரமாகி முடியும் நாட்கள் வரும் என்பதால் வண்டி ஒன்று இருந்தால் நல்லது, குறிப்பாகப் பெண்களுக்கு.

விடைபெறும்போது

கடைசி மாதத்தில் உங்களிடம் இருக்கும் கட்டுகளின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றையும் பி.ஏ.விடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடியாத ஆராய்ச்சிகளுக்கு அடுத்து வருபவருக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். நீங்கள் எழுதிய வரைவுகளை நினைவாகக்கூட எடுத்துப் போகக் கூடாது, அவை உங்களுடையவை அல்ல. உங்கள் நீதிபதி முன் வழக்கறிஞராக ஆஜராவதற்கு ஏதாவது இடைவெளி வேண்டுமா என்று நியமன நிபந்தனைகளில் பாருங்கள். நிபந்தனை இல்லாவிட்டாலும், நீங்கள் குறிப்பு எழுதிய வழக்கில் எந்தத் தரப்புக்கும் ஆஜராகாதீர்கள். பணி அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள். நீதிபதி சென்னைக்கு மாறிய பிறகு ஒரு தேதியைத் திருத்துவதற்காக அலைவது பெரும்பாடு.